எந்த நெருப்புக்கு?

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டை பொரிக்கும் பீங்கான் தட்டு ஒன்று என் அடுப்பில் விரிசல் விட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. 'டிக்' என்று, சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்த மாதிரி. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெண்ணெயோடு வேறு ஏதோ கருகும் வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன். தட்டின் ஒரு காதிலிருந்து எதிர்க் காது வரை தலைமுடி கணக்காக ஒரு கோடு. அதன் வழியே வெள்ளைக்கரு கசிந்து, மின்னடுப்பின் சிவந்த வட்டத்தில் விழுந்து பொரிந்துகொண்டிருந்தது. எடுக்கலாம் என்று கைத்துணியோடு பிடித்தேன். பாதித் தட்டுதான் கையோடு வந்தது.

தட்டு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைக் குடைந்தது அதன் அடியில் இருந்த முத்திரை. பச்சை மையில், சரியாகப் பதியாத முத்திரை. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை மாதிரி ஒரு தடம். கடைசி இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தன: 'அ ஃபெ'. முழுசாகச் சொன்னால் 'பொர்ஸ்லேன் அ ஃபெ', அதாவது நெருப்புக்கான பீங்கான். நெருப்புக்கு என்று எழுதி வைத்த பாத்திரம் நெருப்பில் உடைந்தால் என்ன அர்த்தம்? எழுதியவர் பொய் சொன்னாரா, நான் படித்த விதம் தப்பா? பல வாரம் இதே யோசனைதான். கணவர், "பன்னிரண்டு யூரோ தட்டுக்கு இவ்வளவு துக்கமா?" என்றார். துக்கம் இல்லை, உறுத்தல்.

பரணைக் காலி செய்கிற ஊர்கள்

பிரான்ஸின் ஓர்லெயான் நகரத்துக்கு நாங்கள் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிப்பதென்று தெரியாமல்தான் 'வீத் கிரெனியே' போக ஆரம்பித்தேன். அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'பரணைக் காலி செய்தல்'. வசந்தம் தொடங்கியதும் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ஞாயிறு, வீட்டில் மிஞ்சியதையெல்லாம் தெருவில் மேசை போட்டு விற்பார்கள். காலையில் ஏழு மணிக்குப் போனால் வியாபாரிகள் டார்ச் லைட்டோடு சுற்றிக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்குப் போனால் உடைந்த பொம்மையும் பழைய ஸ்கீ காலணியும் மட்டும் இருக்கும்.

முதலில் வாங்கியது ஒரு சூப் கிண்ணம், மூன்று யூரோ. கனமான வெள்ளைக் கிண்ணம், இரண்டு பக்கமும் கைப்பிடிக்குப் பதில் சிங்கத்தின் தலை. வெங்காய சூப்பை ஊற்றி, மேலே ரொட்டியும் சீஸும் வைத்து, அப்படியே அனலுக்கு அடியில் தள்ளிச் சிவக்க விடுவதற்கான கிண்ணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரசம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காது வைத்த முட்டைத் தட்டுகள், முட்டை நுரையில் உப்பி வரும் சூஃப்ளேவுக்கான, வெளிச் சுவரில் மடிப்பு மடிப்பாக இருக்கும் கிண்ணங்கள், கட்டைவிரல் அளவுக்குப் பிடி வைத்த, கொகோத் என்ற சின்னக் கிண்ணங்கள், அரைத்த இறைச்சியில் செய்யும் பாத்தேவுக்காக, மூடியில் முயல் படுத்திருக்கும் பெட்டி ஒன்று. கைப்பிடியே இல்லாமல், கால் வைத்து உயரமாக நிற்கும் மசாக்ரான் காப்பிக் குவளை நான்கு. அல்ஜீரியாவில் 1840இல் பிரெஞ்சுப் படை முற்றுகையில் மாட்டிக்கொண்ட ஊரின் பெயர் அது. ஒரு காலனிச் சண்டையின் பெயரைக் காப்பிக் குவளைக்கு வைத்துக் குடிக்கிறார்கள். அந்தக் குவளையை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனாலும் எடுப்பேன்.

ஓர்லெயானிலிருந்து பூர்ஜ் போகும் ரயிலில் ஏறினால் ஃபொவெசி, மெஅன்-சுர்-யேவ்ர் என்று இரண்டு சின்ன நிலையங்கள் வரும். என் அலமாரியில் பாதி அந்த இரண்டு ஊர்களிலிருந்து வந்தது. பிலிவுயி நிறுவனம் 1818இல் ஃபொவெசியில் தொடங்கி, 1850களில் மெஅனுக்கு வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. லூயி லூரியூ என்பவரின் 'லெ ஃபோன்' முத்திரை போட்ட பாத்திரங்களும் ஃபொவெசிக்காரைதான். நுவார்லாக் என்ற பழைய மடாலயத்தைக்கூட 19ஆம் நூற்றாண்டில் பீங்கான் தொழிற்சாலையாக்கியிருந்தார்கள். துறவிகள் இருந்த இடத்தில் தட்டுகள். மெஅனில் ஒரு பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது, ஏழாம் சார்ல் மன்னன் செத்துப்போன கோட்டையின் இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே. கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் மழை வந்தால் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்குவார்கள். நான் தலைகீழ்.

பீங்கான் என்றால் லிமோஜ் ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1768 வாக்கில் அதற்குத் தெற்கே சேந்த்-இரியே ஊரில் வெள்ளைக் களிமண், அதாவது கயோலின், கிடைத்தது. அங்கிருந்த ஒரு மருத்துவரின் மனைவி அதைச் சோப்புக்குப் பதிலாகத் துணிக்குப் போட்டுப் பார்த்தார் என்று ஒரு கதை. கதையோ நிஜமோ, மண் வந்த பிறகுதான் பிரான்ஸில் உண்மையான கெட்டிப் பீங்கான் பரவலாக வந்தது. அதற்கு முன்னால் செய்த மென்பீங்கான் பார்க்க அழகு, சூடு என்றால் பயப்படும். கயோலின், படிகக்கல் தூள், ஃபெல்ஸ்பார் என்ற பாறைத்தாது மூன்றையும் சேர்த்து 1400 டிகிரிக்குப் பக்கத்தில் சுடும்போது ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதையெல்லாம் கட்டிப்போடுகிறது. மேல்பூச்சும் அதே ஃபெல்ஸ்பார் வகைதான், ஈயம் கிடையாது. அதனால் பூ வேலை, தங்க ரேகை இல்லாத வெறும் வெள்ளையில் தைரியமாகச் சாப்பிடலாம். பூச்சுக்கு மேலே தீட்டிய வண்ணங்களில்தான் எனக்குச் சந்தேகம், அவற்றை நான் வாங்குவதில்லை.

எனக்கு லிமோஜைவிட பாயேதான் பிடிக்கும். நார்மண்டியில், அந்த நீளத் துணிச்சித்திரத்துக்குப் பெயர்போன அதே பாயே. 1812இல் அங்கே ஒரு பழைய கன்னிமாடத்தில் தொடங்கிய தொழிற்சாலை 1951 வரை ஓடியது. அதே நார்மண்டியில் இருக்கும் லே பியோ ஊரின் களிமண்ணில் செய்த பாத்திரங்கள் தீ தாங்கும் என்று பெயர் எடுத்தன. எந்த அளவுக்கு என்றால், சமையலறைக்குச் செய்த அதே கையோடு ரசாயனக்கூடங்களுக்கு உருக்கும் மூசைகளும் காய்ச்சும் கிண்ணங்களும் செய்து கொடுத்தார்கள். என்னிடம் பாயே பாத்திரம் ஒன்றே ஒன்று இருக்கிறது, சின்ன வாணலி போல ஒரு பக்கம் பிடி வைத்தது. அதை எடுக்கும்போது கரண்டியையும் சோதனைக்கூடத்தையும் ஒரே கையில் பிடித்த மாதிரி இருக்கும்.

கறை இல்லாதது

சேகரிப்பவர்கள் உலகில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது, யாரும் எழுதி வைக்காவிட்டாலும். கறை இருந்தால் பாதி விலை. உள்ளே முள்கரண்டி உரசிய சாம்பல் கோடுகள் இருந்தால் இன்னும் குறையும். அடியில் பழுப்பு வளையம் இருந்தால் யாரும் தொட மாட்டார்கள். 'பயன்படுத்தவே இல்லை' என்று சொல்லிவிட்டால் விலை ஏறிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் வாங்கினேன். வாங்கியதைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் அடுக்கினேன். வருகிறவர்களிடம் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன். பூச்சு இல்லாத அந்த வளையத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். சூளையில் பாத்திரம் உட்காரும் இடம் அது. அங்கேயும் பூச்சு இருந்தால் உருகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நாக்கை வைத்தால் லேசாகச் சொரசொரக்கும் என்று ஒரு வியாபாரி சொன்னார். நான் நாக்கு வைத்ததில்லை. விரலே போதும். முத்திரையில் 'ஃபிரான்ஸ்' என்று நாட்டின் பெயர் இருந்தால், அமெரிக்காவில் 1891இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு ஏற்றுமதிக்குச் செய்ததாக இருக்கலாம் என்று ஒரு பாடம் நடத்துவேன். இவ்வளவும் பேசிவிட்டு அவர்களுக்குச் சோறு போடுவது மட்டும் கடையில் வாங்கிய கண்ணாடித் தட்டில்.

என் கணவர் ஒருநாள் கேட்டார்: "இதெல்லாம் சமைக்கறதுக்குச் செஞ்சது. நீ ஏன் சாமி அறை மாதிரி வச்சிருக்க?" பதில் சொல்ல முடியவில்லை. சரி, இனிமேல் சமைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் எடுத்தது, இருப்பதிலேயே சுத்தமானது. அந்த முட்டைத் தட்டு. விற்றவர், "என் பாட்டியின் கல்யாணச் சீர், ஒருமுறைகூட அடுப்பில் ஏறியதில்லை, மதாம்" என்று சொல்லிக் கொடுத்தது. நவம்பர் குளிரில் சமையலறை அலமாரியில் இருந்த தட்டை எடுத்து, மின்னடுப்பில் வைத்து, ஒன்பதுக்குத் திருகினேன். வெண்ணெய் உருகி நுரைத்தது. குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டையை உடைத்து ஊற்றினேன். மிச்சம் மேலே சொன்னதுதான்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்குப் பிரெஞ்சுப் பீங்கானைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "சட்டியைப் பழக்கினியாடி?" கல்சட்டி வாங்கினால் வீட்டில் ஒரு வாரம் அதுதான் வேலை. கொதிக்கிற கஞ்சியை ஊற்றி ஆறவிடு, மறுபடி ஊற்று, எண்ணெய் தடவு, கடைசியில்தான் சிறு தணல். "பழக்காம ஏத்தினா எந்தச் சட்டி நிக்கும்? அதுலயும் ஐஸ் மாதிரி முட்டையைக் கொட்டியிருக்க." பீங்கானைப் பழக்க முடியாது, அது உள்ளே ஏற்கெனவே கண்ணாடியாக இறுகியது, எண்ணெய் குடிக்காது என்று விளக்கப் பார்த்தேன். "குடிக்குதோ இல்லையோ, மெதுவா ஏத்தணும்ல" என்று வைத்துவிட்டார்.

அம்மா சொன்னதில் ஐஸ் முட்டைதான் விஷயம் என்பது பிறகு புரிந்தது. சுட்ட மண் வகை எதுவானாலும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சூடேறிய பரப்பு விரியப் பார்க்கிறது. அதன்மேல் திடீரென்று குளிர்ந்தது பட்டால் அந்தப் பரப்பு மட்டும் சுருங்கப் பார்க்கும், அடியில் இருக்கும் சூடான உடம்பு விடாது. பரப்பு இழுபடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் எங்காவது இருந்தால் அங்கிருந்து கிழிகிறது. சூடாக்குவதைவிடச் சூடானதைச் சட்டென்று குளிர வைப்பது ஆபத்து என்பது இதனால்தான். இதற்கு முன்னால் நான் கறையைத் தேடிய அளவுக்குக் கீறலைத் தேடியதில்லை.

ஆனாலும் முத்திரைக்குப் பதில் கிடைக்கவில்லை. வெண்ணெயைச் சூடாக்கி முட்டையை உடைத்து ஊற்றுவதற்காகத்தானே அந்தத் தட்டையே செய்தார்கள்?

கீழ்வீட்டு மதாம்

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு மதாம் இருக்கிறார். எண்பது தாண்டியவர், பூர்ஜைச் சுற்றியுள்ள பெரி வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்தவர். டிசம்பரில் அவருக்கு முறுக்கு கொண்டுபோனபோது உடைந்த தட்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். முத்திரையைப் படித்தார். பிறகு, "எதன்மேல் வைத்தாய்?" என்றார். அடுப்பின்மேல் என்றேன். "எந்த அடுப்பு?"

எங்கள் அடுப்பு அவருக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கண்ணாடி மேல்தள மின்னடுப்புதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, மேசைமேல் இருந்த மின்கட்டண உறையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு பெட்டி வரைந்தார். அவருடைய அம்மாவின் விறகு அடுப்பு. மேலே முழுவதும் வார்ப்பிரும்புத் தகடு. இடதுபக்கம் தீ எரியும் இடம், அங்கே தகடு சிவந்து கிடக்கும். வலதுபக்கம் போகப் போகச் சூடு குறையும். கடைசி ஓரத்தில் கையை வைத்து எடுக்கலாம். அதற்கும் தள்ளி வெந்நீர்த் தொட்டி. உறைமேல் அவர் பேனா நுனி இடமிருந்து வலமாக நகர்ந்தது: இங்கே வறுக்கும் இரும்புச் சட்டி, இங்கே சூப் பானை, இங்கே பால், இதோ இந்த மூலையில் முட்டைத் தட்டு. "விடியற்காலையிலிருந்து அடுப்பு எரிகிறது. தட்டு அதற்கு மேலே அலமாரியில் இருக்கும். எடுக்கும்போதே வெதுவெதுப்பாக இருக்கும். முட்டை மேசைமேல் கூடையில். குளிர்பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது."

நான் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரைந்த அடுப்பில் எரிச்சல் இல்லாத நெருப்பும் இருந்தது. வெதுவெதுப்பான தட்டு, அறைச் சூட்டில் முட்டை, அடி முழுவதும் ஒரே சீராக ஏறும் மந்தமான இரும்புச் சூடு. என் அடுப்பிலோ வட்டத்துக்கு உள்ளே செந்தணல், ஒரு விரல் தள்ளினால் பச்சைத்தண்ணீர்ச் சில்லிப்பு. சூட்டைக் குறைத்து வைத்தாலும் அது குறைந்து எரிவதில்லை. முழு வேகத்தில் எரிந்து அணையும், மறுபடி முழு வேகத்தில் எரியும். முத்திரை குத்தியவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன நெருப்பு வேறு.

"அப்போதும் உடையும்," என்றார் மதாம், என் முகத்தைப் பார்த்து. "என் அம்மா வருடத்துக்கு ஒன்றாவது உடைப்பாள். உடைத்துவிட்டு அப்பாமேல் பழி போடுவாள்."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பார்த்தபோது, இத்தனை நாள் நான் ஒதுக்கி வைத்திருந்த 'குறையுள்ள' பாத்திரங்கள் வேறு மாதிரித் தெரிந்தன. அடியில் பழுப்பு வளையம் இருந்த ஒரு தட்டில் அந்த வளையம் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தகட்டின் ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்த தட்டாக இருக்கலாம். நார்மண்டியின் ரூவான் பக்கம் 18ஆம் நூற்றாண்டில் செய்த 'கருத்த அடி' மண் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. உள்ளே வெள்ளைப் பூச்சு, வெளியே மாங்கனீஸ் கலந்த பழுப்பு. வெள்ளைப் பூச்சுக்கு வெள்ளீயம் வேண்டும், அது விலை அதிகம். அதனால் நெருப்பைப் பார்க்கும் பக்கத்துக்குப் பழுப்பே போதும் என்று விட்டார்கள். கறையை முன்கூட்டியே பூசி அனுப்பிய மாதிரி. அவற்றை நான் சேகரிப்பதில்லை, பூச்சில் ஈயம் இருக்கிறது. ஆனால் அந்த யோசனை பிடிக்கும்.

இப்போது நான் சமைக்கிறேன். அடுப்பின்மேல் அல்ல, ஓவனில். இன்று கடையில் விற்கும் பெரும்பாலான வெள்ளைப் பீங்கானுக்கும் அதுதான் விதி: ஓவன் சரி, நேரடித் தீ வேண்டாம். முட்டையை முந்தைய இரவே வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன். கொகோத்களை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய தட்டத்தில் வைத்துத்தான் உள்ளே தள்ளுவது. வெளியே எடுத்ததும் கருங்கல் மேடையில் வைக்காமல் மரப்பலகையில் வைக்கிறேன். என் மகன் முட்டையில் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுத் தரச் சொல்கிறான். போட்டுத் தருகிறேன், கிண்ணம் ஒன்றும் சொல்லவில்லை. சிங்கத்தலைக் கிண்ணத்தில் மட்டும் இன்னமும் ரசம்தான். பாயே பாத்திரத்தை எடுக்கத் தைரியம் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிறு லுவார் ஆற்றோரத்தில் ஒரு ஊரில் சந்தை. ஒரு மேசையில், சாவிக்கொத்துகளுக்கும் பழைய ரேடியோவுக்கும் நடுவில், முட்டைத் தட்டு ஒன்று கிடந்தது. அலுமினிட் என்ற தீ தாங்கும் பீங்கான், லிமோஜ் ஊரின் ஃப்ரூஜியே நிறுவனம் செய்தது, முத்திரை முழுசாக இருந்தது. உள்ளே முள்கரண்டிக் கோடுகள். அடியில் தேன் நிறத்தில் ஒரு வளையம், இதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பிறகு இடது கையில் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கை விரல் முட்டியால் தட்டினேன், பானைக்காரரிடம் அம்மா தட்டிப் பார்க்கிற மாதிரி. 'டிங்' என்று நீண்டது. 'டக்' என்றிருந்தால் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

விலை ஐந்து யூரோ. நான் பணம் எடுப்பதற்குள் விற்கிற அம்மா தட்டைத் திருப்பிப் பார்த்து, அந்த வளையத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில், "கறை இருக்கிறது, மதாம், மூன்று கொடுங்கள் போதும்" என்றார்.